இருப்பது இருந்தபடி

வீட்டை அளக்க வந்த கவெண்டர் அம்மாள்
டேப்பை இரண்டு முறை இழுத்தாள்.
வெளியே பதினொரு மீட்டர்.
உள்ளே, சுவரோரமாக, பதினாலு.
"டேப் பழசு" என்றாள். எழுதிக்கொண்டது பதினொன்று.

சாட்ஸ்வர்த், யூனிட் ஐந்து.
முதுகு ஒட்டிப் பிறந்த இரண்டு வீடுகளில் ஒன்று.
கோகிலாம்பாள் அத்தை எனக்கும் அண்ணனுக்குமாக
எழுதிவைத்துவிட்டுப் போனது.
உயிலில் மற்றதெல்லாம் வழக்கம்தான்:
தையல் மெஷின் கோயிலுக்கு,
வங்கியில் கிடக்கும் ராண்ட் கடனுக்கு.
கடைசியில், வக்கீலுக்கே விளங்காத ஒரு வரி:
ராத்திரி ஒன்பதுக்கு அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எவளுக்கு?
லெனேசியாவிலிருந்து அண்ணன் போனில் சிரித்தான்.
"அத்தைக்கு மறை கழண்டு ரொம்ப நாளாச்சு.
தனிக்கட்டை, சுவரோடு பேசியிருக்கும்."

சுவரோடுதான்.
பக்கத்து வீட்டுச் சமையலறை இருக்க வேண்டிய இடத்தில்
பீரோவை நகர்த்தினால் ஒரு கதவு.
பச்சை. கொண்டியில் எண்ணெய்ப் பிசுக்கு காயவில்லை.
திறந்தால்
தகரக் கூரை, மண் தரை,
ஜன்னலில் கேட்டோ மேனர்.
புல்டோசர் வழித்தெறிந்த பிறகு
வருடக்கணக்காகப் புல் மட்டும் முளைத்த அந்தச் சரிவில்
மாமரம், வாழை, ஆறேழு வீட்டு அடுப்புப் புகை.
கீழே யாரோ யாரையோ
சுலுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.
அடுத்த வீட்டுக் குக்கரின் விசில்
இங்கே கேட்பதில்லை.

டிரங்குப் பெட்டிமேல் ஒருத்தி.
பத்தொன்பது வயது இருக்கும்.
அத்தையின் மூக்கு.
சாமானெல்லாம் கட்டியாகிவிட்டது.
முழங்காலைக் கட்டிக்கொண்டு அவள் மட்டும் பாக்கி.

"முனிசிபாலிட்டி லாரி வந்திருச்சா?"

அத்தையை எரித்து, சாம்பலை
உம்கெனி ஆறு கடலில் விழும் இடத்தில் கரைத்து
பதினெட்டு நாள்தான் ஆகியிருந்தது.
நாக்கு தானாகச் சொன்னது:
"இல்லை. இன்னும் வரலை."
அவள் தோள் இறங்கியது.
கதவை நான் சாத்தவில்லை. அது சாத்திக்கொண்டது.

கல்யாண வீடுகளில் எட்டரைக்கே அத்தை எழுந்துவிடுவாள்,
இலையில் பாயசம் விழுவதற்குள்.
அப்பா இழுத்துக்கொண்டு கிடந்த ராத்திரிகூட
ஆஸ்பத்திரியிலிருந்து டாக்சி பிடித்துப் போய்
பத்து மணிக்குத் திரும்பி வந்தாள்.
அதற்குள் அப்பா போய்விட்டிருந்தார்.
என்னவெல்லாம் பேசினோம் அவளை.
வீட்டில் யாரோ இருக்காங்க, அதான் என்றாள் அம்மா,
வேறு அர்த்தத்தில்.

லாரி ஏறி இங்கே வந்து இறங்கியவள்
ஏற மாட்டேன் என்றவளுக்கு
இருபதாயிரம் ராத்திரி பொய் சொல்லியிருக்கிறாள்.

விற்பனைப் பத்திரத்தில் ஒரு டச்சுக்காரச் சொல்:
ஃபூட்ஸ்டூட்ஸ்.
இருப்பது இருந்தபடி, குறையோடு குறையாக,
பிறகு வந்து ஒன்றும் கேட்கக் கூடாது.
"ஆனா தெரிஞ்ச குறையை மறைக்கவும் கூடாது"
என்றாள் கவெண்டர் அம்மாள், பேனா மூடியைக் கழற்றியபடி.
"கூரை ஒழுகுதா? கரையான் உண்டா?"
கரையான் இல்லை என்றேன்.

மாதக் கடைசியில் அண்ணன் அனுப்பிய லாரி
காலையில் வர வேண்டியது,
பைன்டவுனில் பங்சராகி
ராத்திரி எட்டு ஐம்பதுக்கு வாசலில் வந்து நின்றது.
பீரோவை முதலில் ஏற்றணும் என்றான் டிரைவர்.
ஹார்னை ஒருதரம் அழுத்தினான், சும்மா,
உள்ளேயிருந்து ஆட்கள் வரட்டும் என்று.

பச்சைக் கதவைத் திறந்தபோது
அவள் எழுந்து நின்றிருந்தாள்.
இவ்வளவு உயரமா அத்தை?
"சத்தம் கேட்டுச்சே."

கணக்கு டீச்சர் நான். பொய் சரளமாக வராது.
"அது வேற லாரி" என்றேன்.
"வேற யாருக்கோவா?"
"ஆமா. வேற யாருக்கோ."

உட்கார்ந்தாள். பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டே
கொஞ்ச நேரம் கழித்து,
"பாவம்" என்றாள், "அவங்க யாரோ."

வெளியே மறுபடி ஹார்ன்.